விளையாட்டில் தலையில் அடிபட்டால்: மூளையதிர்வு குறித்து நோயாளிகளும் பராமரிப்போரும் அறிய வேண்டியவை

விளையாட்டின்போது தலையில் அடிபட்டு, சில நொடிகள் தடுமாறிப் பின்னர் எழுந்து நின்று, “எனக்கு ஒன்றுமில்லை” என்று கூறும் வீரரை நம்மில் பலரும் பார்த்திருக்கிறோம். வெளியே காயம் எதுவும் தெரியாததால் பெற்றோரும் பயிற்சியாளரும் நிம்மதி அடைகின்றனர், ஆட்டம் தொடர்கிறது. ஆனால் அந்த வீரரின் மூளை பாதிப்புக்கு உள்ளாகியிருக்கக்கூடும். தலையில் ஏற்படும் தாக்கத்தால் மூளையின் செயல்பாடு தற்காலிகமாகக் குலையும் இந்நிலையே மூளையதிர்வு எனப்படுகிறது. மருத்துவர்கள் இதனைக் கன்கஷன் என்றும் குறிப்பிடுவர்.

மூளையதிர்வுக்கு உள்ளானோரில் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமடைகின்றனர். அதற்கு முதன்மையான தேவை, அடிபட்ட வீரர் உடனே ஆட்டத்திலிருந்து விலகுவதும், மூளை குணமான பின்னரே களத்திற்குத் திரும்புவதும் ஆகும். அன்றே மீண்டும் விளையாடுவது, அறிகுறிகளை மறைப்பது ஆகிய இரண்டுமே எளிதில் குணமாகக்கூடிய பாதிப்பைப் பெரும் ஆபத்தாக மாற்றுகின்றன.

மூளைக்குள் நிகழ்வது என்ன?

வயது வந்த ஒருவரின் மூளை ஏறத்தாழ 1.3 முதல் 1.4 கிலோகிராம் எடை கொண்டது. மென்மையான இவ்வுறுப்பு, மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தால் சூழப்பட்டு மிதந்த நிலையில் உள்ளது. தலை திடீரென்று வேகமாக அசையும்போதும், சுழலும்போதும், வேகமாகச் சென்று சட்டென்று நிற்கும்போதும் மூளை மண்டையோட்டுக்குள் அசைந்து இழுபடுகிறது. தலையில் நேரடியாக அடிபட்டால்தான் இது நிகழும் என்பதில்லை. மார்பிலோ தோளிலோ பலமாக மோதும்போது தலை உதறப்பட்டாலும் மூளையதிர்வு ஏற்படலாம்.

இவ்வாறு இழுபடும்போது, மூளையின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செய்தி கொண்டுசெல்லும் நுண்ணிய நரம்பிழைகள் பாதிக்கப்படுகின்றன. நரம்புச் செல்களுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தச் சமநிலையை மீட்பதற்குச் செல்கள் வழக்கத்தைவிட அதிக ஆற்றலைச் செலவிடுகின்றன. அதே வேளையில் மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறையக்கூடும். தேவை கூடி வரத்து குறைவதால் மூளையில் ஆற்றல் பற்றாக்குறை உண்டாகிறது. தலைவலி, மந்தம், குழப்பம், சோர்வு முதலியவை இதன் வெளிப்பாடுகளே.

இப்பற்றாக்குறை நீங்கும் முன்னரே மற்றுமொரு அடி விழுந்தால் அதனைத் தாங்கும் நிலையில் மூளை இருப்பதில்லை. முழுமையாகக் குணமாகும்வரை விளையாடக் கூடாது என்று மருத்துவர் அறிவுறுத்துவதற்கு இதுவே காரணம்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லையெனில் பாதிப்பு இல்லை என்று பொருளா?

இல்லை. சி.டி. ஸ்கேன் பரிசோதனையில் எலும்பு முறிவு, இரத்தக்கசிவு, வீக்கம் ஆகியவை புலப்படும். மூளையதிர்வில் ஏற்படுவது பெரும்பாலும் செல்களின் செயல்பாட்டில் நிகழும் மாற்றம் என்பதால் அது ஸ்கேனில் தெரிவதில்லை. உயிருக்கு ஆபத்தான வேறு பாதிப்பு இல்லை என்பதை உறுதி செய்வதற்கே மருத்துவர் ஸ்கேன் எடுக்கப் பரிந்துரைக்கிறார். “ஸ்கேன் சரியாக உள்ளது, எனவே நாளை விளையாடலாம்” என்று முடிவு செய்வது தவறாகும். அதேபோல், அடிபட்ட அனைவருக்கும் ஸ்கேன் தேவைப்படுவதும் இல்லை. தேவையா என்பதை நோயாளியைப் பரிசோதித்த பின்னர் மருத்துவரே முடிவு செய்வார்.

அறிகுறிகள் யாவை?

மூளையதிர்வுக்கு மயக்கம் கட்டாய அறிகுறி அன்று. பாதிக்கப்படுவோரில் மிகப் பெரும்பாலானோர் நினைவிழப்பதே இல்லை. கீழ்க்காணும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் மூளையதிர்வு எனச் சந்தேகிக்க வேண்டும்.

- உடல் சார்ந்தவை: தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், பார்வை மங்குதல், நடையில் தள்ளாட்டம், வெளிச்சமும் ஒலியும் பொறுக்க முடியாமை.
- சிந்தனை சார்ந்தவை: குழப்பம், கேள்விக்குத் தாமதமாகப் பதில் கூறுதல், கவனம் சிதறுதல், அடிபடுவதற்குச் சற்று முன்போ பின்போ நடந்தவை நினைவில் இல்லாமை.
- மனம் சார்ந்தவை: எரிச்சல், காரணமில்லாத அழுகை, பதற்றம், சோகம்.
- உறக்கம் சார்ந்தவை: வழக்கத்தைவிட அதிகமாக உறங்குதல் அல்லது உறக்கம் வராமை.

அறிகுறிகள் உடனே தோன்ற வேண்டும் என்பதில்லை. சில மணி நேரம் கழித்தோ, மறுநாளோ தோன்றலாம். 2019 ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் நடைபெற்ற ஆஷஸ் டெஸ்ட் போட்டி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. 80 ஓட்டங்களுடன் வெளியேறிய அவர், மருத்துவப் பரிசோதனைக்குப் பின்னர் மீண்டும் களமிறங்கி 92 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். மறுநாள் காலை அறிகுறிகள் வெளிப்பட்டதால் அவர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டு, மார்னஸ் லபுஷேன் மாற்று வீரராகச் சேர்க்கப்பட்டார். அடுத்த டெஸ்ட் போட்டியிலும் ஸ்மித் விளையாடவில்லை. மருத்துவர்கள் உடனிருக்கும் சர்வதேசப் போட்டியிலேயே அறிகுறிகள் தாமதமாக வெளிப்படும் என்றால், பள்ளி மைதானத்தில் “இப்போது நன்றாகத்தான் இருக்கிறான்” என்பதை மட்டும் நம்ப இயலாது.

களத்தில் உடனடியாகச் செய்ய வேண்டியவை

கபடியில் எதிரணியினர் மடக்கிப் பிடிக்கும்போது தலை தரையில் மோதுதல், கால்பந்தில் இருவர் ஒரே பந்துக்குத் தாவித் தலையோடு தலை முட்டுதல், கிரிக்கெட்டில் பந்து தலைக்கவசத்தில் படுதல், குத்துச்சண்டையில் முகத்தில் குத்து விழுதல் என எந்த விளையாட்டாயினும் செய்ய வேண்டியவை ஒன்றே.

1. ஆட்டத்தை நிறுத்தி வீரரை அணுகவும். அவர் நினைவிழந்திருந்தாலோ, கழுத்து வலி அல்லது கை கால்களில் மரத்துப்போன உணர்வு இருந்தாலோ அவரைத் தூக்கவோ உட்கார வைக்கவோ கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டு 108 ஆம்புலன்ஸை அழைக்கவும். மூச்சுவிடத் தடை இல்லாதவரை தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.
2. நினைவுடன் இருந்தால் எளிய கேள்விகளைக் கேட்கவும். இது எந்த மைதானம்? ஆட்டத்தின் எந்தப் பாதி நடக்கிறது? கடைசியாகப் புள்ளி எடுத்தவர் யார்? கடந்த போட்டியில் எந்த அணியுடன் விளையாடினீர்கள்? பதில் தவறினாலோ தாமதமானாலோ மூளையதிர்வு எனக் கருதவும். எல்லாப் பதிலும் சரியாக இருப்பதாலேயே பாதிப்பு இல்லை என்று முடிவு செய்ய வேண்டாம்.
3. சந்தேகம் இருப்பின் அன்று மீண்டும் விளையாட அனுமதிக்கக் கூடாது. வீரர் வற்புறுத்தினாலும், ஆட்டம் இறுதிக் கட்டத்தில் இருந்தாலும் இம்முடிவில் மாற்றம் கூடாது.
4. வீரரைத் தனியாக விடக் கூடாது. அவர் இரு சக்கர வாகனமோ மிதிவண்டியோ ஓட்டி வீடு திரும்பக் கூடாது. பெற்றோருக்கோ உறவினருக்கோ நடந்ததை நேரில் தெரிவித்து ஒப்படைக்கவும்.
5. அன்றைய தினமே அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவரிடம் காட்டவும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அபாய அறிகுறிகள்

மண்டையோட்டுக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டிருந்தால், முதலில் நன்றாக இருப்பவரும் சில மணி நேரத்தில் மோசமடையலாம். கீழ்க்காண்பவற்றில் ஏதேனும் ஒன்று தோன்றினாலும், இரவு பகல் பாராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லவும்.

- நினைவிழத்தல் அல்லது எழுப்ப முடியாத அளவுக்கு உறக்கம்
- தொடர்ந்து கூடிக்கொண்டே போகும் தலைவலி
- மீண்டும் மீண்டும் வாந்தி
- வலிப்பு
- ஒரு கண்ணின் பாவை மற்றொன்றைவிடப் பெரிதாதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல்
- பேச்சு குளறுதல், கை அல்லது காலில் பலவீனம்
- மூக்கு அல்லது காதிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்
- குழப்பம் அதிகரித்தல், உறவினரை அடையாளம் காண இயலாமை, வழக்கத்திற்கு மாறான முரட்டு நடத்தை

இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவர்களுக்குத் தலையில் அடிபட்டால், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

வீட்டில் பராமரிக்கும் முறை

மருத்துவர் பரிசோதித்து வீட்டிற்கு அனுப்பிய பின்னர், முதல் 24 மணி நேரம் பொறுப்பான ஒருவர் உடனிருக்க வேண்டும். மேற்கண்ட அபாய அறிகுறிகளைத் தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

உறங்க விடலாமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. தலையில் அடிபட்டவரை உறங்கவே விடக் கூடாது என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அபாய அறிகுறிகள் இல்லையென மருத்துவர் உறுதி செய்தபின் தாராளமாக உறங்கலாம்; உறக்கம் மூளை குணமடைய உதவுகிறது. இடையில் எழுப்பிப் பார்க்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

தலைவலிக்கு மருத்துவர் கூறிய அளவில் பாராசிட்டமால் தரலாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவற்றை மருத்துவர் கூறாமல் தொடக்க நாட்களில் தர வேண்டாம். இரத்தக்கசிவு இருப்பின் அவை அதனை அதிகரிக்கக்கூடும். உறக்க மாத்திரைகளையும் மதுவையும் தவிர்க்கவும். வலியை மாத்திரையால் அடக்கிக்கொண்டு விளையாடச் செல்வது கூடவே கூடாது.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு தேவை. கைப்பேசி, தொலைக்காட்சி, கணினி ஆகியவற்றைப் பார்ப்பதை இந்நாட்களில் பெருமளவு குறைக்கவும். இருட்டறையில் பல நாட்கள் படுத்திருக்க வேண்டும் என்னும் பழைய அறிவுரை இன்று கைவிடப்பட்டுள்ளது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச வல்லுநர் மாநாட்டின் அறிக்கை, முழு ஓய்வைக் காட்டிலும் முதல் நாட்களிலேயே தொடங்கும் மெதுவான நடைப்பயிற்சி போன்ற இலகுவான இயக்கம் குணமடைவதை விரைவுபடுத்துகிறது எனத் தெரிவிக்கிறது. அறிகுறிகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடினால் செயலைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களில் பெரும்பாலானோர் 2 வாரங்களிலும், சிறுவர்களும் வளரிளம் பருவத்தினரும் பெரும்பாலும் 4 வாரங்களிலும் குணமடைகின்றனர். 4 வாரங்களுக்குப் பின்னரும் தலைவலி, தலைச்சுற்றல், கவனக்குறைவு, மனச்சோர்வு ஆகியவை நீடித்தால் அது வீரரின் சோம்பலோ நடிப்போ அன்று. கழுத்துக்கான இயன்முறைச் சிகிச்சை, உடல் சமநிலைப் பயிற்சி, மனநல ஆலோசனை ஆகியவற்றால் பயன் பெறலாம். மருத்துவரை மீண்டும் அணுகவும்.

முதலில் படிப்பு, பின்னர் விளையாட்டு

மாணவர்கள் முதலில் வகுப்புக்குத் திரும்ப வேண்டும். தொடக்கத்தில் அரை நாள் வகுப்பு, குறைந்த வீட்டுப்பாடம், தேர்வில் கூடுதல் நேரம், இடையிடையே ஓய்வு ஆகிய சலுகைகள் தேவைப்படலாம். வெளியே கட்டு எதுவும் இல்லாததால் ஆசிரியருக்குப் பாதிப்பு தெரியாது. எனவே மருத்துவரின் சீட்டைப் பள்ளியில் கொடுத்து நிலைமையை விளக்குவது பெற்றோரின் கடமையாகும்.

விளையாட்டுக்குத் திரும்புவது 6 படிகளில் அமைய வேண்டும்.

1. அறிகுறிகளை அதிகரிக்காத அன்றாடச் செயல்கள்
2. நடை, நிலையான மிதிவண்டிப் பயிற்சி போன்ற இலகுவான உடற்பயிற்சி. பின்னர் சற்று வேகமான பயிற்சி
3. தலையில் அடிபட வாய்ப்பில்லாத வகையில் தனியாக மேற்கொள்ளும் ஓட்டம் மற்றும் விளையாட்டு சார்ந்த பயிற்சி
4. மற்ற வீரர்களுடன், உடல் மோதல் இல்லாத பயிற்சி
5. மருத்துவர் அனுமதித்த பின்னர், வழக்கமான முழுப் பயிற்சி
6. போட்டி

ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் தேவை. நான்காம் படியைத் தொடங்கும் முன் அறிகுறிகள் அனைத்தும் நீங்கியிருக்க வேண்டும். அதன் பின்னர் அறிகுறி மீண்டும் தோன்றினால் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும். எனவே எவ்வளவு விரைவாகக் குணமடைந்தாலும் அடுத்த போட்டிக்கு ஏறத்தாழ ஒரு வாரமாவது ஆகும். “நாளை மறுநாள் இறுதிப் போட்டி” என்பது இக்கணக்கை மாற்றாது.

இரண்டாவது அடி ஏன் ஆபத்தானது?

முதல் அடியிலிருந்து மீளாத மூளை, மற்றுமோர் அடியால் விரைவாக வீங்கி உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இது அரிதானது, ஆயினும் பெரும்பாலும் இளம் வயதினரிடமே காணப்படுகிறது. 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சாக்கரி லைஸ்டெட் என்னும் 13 வயதுச் சிறுவன் அமெரிக்கக் கால்பந்துப் போட்டியில் தலையில் அடிபட்டான். சிறிது நேரம் வெளியே அமர்ந்தபின் அதே போட்டியில் மீண்டும் விளையாடினான். ஆட்டம் முடிந்ததும் மயங்கி விழுந்தான். மூளையில் ஏற்பட்ட இரத்தக்கசிவுக்கு அவசர அறுவைச் சிகிச்சை செய்யப்பட்டது. உயிர் பிழைத்தபோதும், பேசவும் நடக்கவும் பல ஆண்டுகள் போராட வேண்டியதாயிற்று.

இந்நிகழ்வின் விளைவாக 2009இல் அம்மாநிலம் அச்சிறுவனின் பெயரால் ஒரு சட்டம் இயற்றியது. மூளையதிர்வு குறித்து வீரர்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க வேண்டும். சந்தேகம் எழுந்தாலே இளம் வீரரைக் களத்திலிருந்து விலக்க வேண்டும். மருத்துவப் பணியாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இன்றித் திரும்ப விடக் கூடாது என்பவை அதன் முதன்மை விதிகள். பின்னர் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் இத்தகைய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன.

மீண்டும் மீண்டும் அடிபட்டால்

ஒரு முறை மூளையதிர்வு ஏற்பட்டவருக்கு மீண்டும் ஏற்படும் வாய்ப்பு கூடுகிறது. குணமடையக் கூடுதல் காலமும் ஆகலாம். ஆஸ்திரேலிய டெஸ்ட் வீரர் வில் புகோவ்ஸ்கி, தொடர்ந்து ஏற்பட்ட மூளையதிர்வுகளால் 2025இல் தமது 27ஆம் வயதில் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார்.

பல ஆண்டுகள் தொடர்ந்து தலையில் அடிபடுவோருக்கு ஏற்படும் பாதிப்பை 1928இலேயே அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் குத்துச்சண்டை வீரர்களிடம் கண்டு பதிவு செய்தார். 2002இல் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, அதில் டௌ என்னும் புரதம் இயல்புக்கு மாறாகப் படிந்திருப்பதைக் கண்டறிந்தார். நினைவாற்றல் குறைதல், மனநிலை மாற்றம், அறிவுத்திறன் சிதைவு ஆகியவற்றுடன் தொடர்புடைய இந்நோயை உயிருடன் இருப்பவரிடம் உறுதி செய்யும் பரிசோதனை இன்னும் இல்லை. 2019இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு, பொதுமக்களைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு அதிகம் எனத் தெரியவந்தது.

இவ்விவரங்களைப் படித்து அஞ்ச வேண்டியதில்லை. இந்நோய் பல ஆண்டுகள் மீண்டும் மீண்டும் அடிபட்டவர்களிடமே பெரும்பாலும் காணப்பட்டுள்ளது. ஒரு முறை மூளையதிர்வு ஏற்பட்டு முறையாக ஓய்வெடுத்த மாணவர் இந்நோய்க்கு ஆளாவார் என்று கருதக் காரணமில்லை. விளையாட்டு உடலுக்கும் மனதுக்கும் தரும் நன்மைகள் ஏராளம். விளையாட்டைக் கைவிடுவதற்குப் பதிலாகத் தலையைப் பாதுகாத்து விளையாடப் பழகுவதே தேவை.

தடுப்பது எப்படி?

- தலைக்கவசம் மண்டையோட்டு முறிவிலிருந்து காக்கிறது. எனவே தவறாமல் அணியவும். ஆயினும் மண்டையோட்டுக்குள் மூளை அசைவதை அதனால் முற்றிலும் தடுக்க இயலாது. பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை மாற்றிவிடவும்.
- விழும் முறை, பிடிக்கும் முறை, பந்தைத் தலையால் முட்டும் முறை ஆகியவற்றைப் பயிற்சியாளரிடம் முறையாகக் கற்கவும்.
- ஆடுகளத்தில் கல், பள்ளம், கடினத் தரை இல்லாதவாறு பார்த்துக்கொள்ளவும்.
- முன்பு தலையில் அடிபட்டிருந்தால் அதனை மருத்துவரிடமும் பயிற்சியாளரிடமும் மறைக்காமல் கூறவும்.

வீரர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்

வெளியேறினால் அணியில் இடம் பறிபோகும், கோழை என்பார்கள், உதவித்தொகை வாய்ப்பு தவறிவிடும் என்ற அச்சத்தாலேயே இளைஞர்கள் அறிகுறிகளை மறைக்கின்றனர். இந்த அச்சத்தைப் போக்குவது பெரியவர்களின் கையில் உள்ளது. அடிபட்டதைச் சொல்லும் மாணவரைக் கடிந்துகொள்ளாமல் பாராட்டவும். அணித் தோழருக்கு அடிபட்டதைக் கண்ட மாணவரும் உடனே ஆசிரியரிடம் தெரிவிக்கலாம். அது காட்டிக்கொடுப்பது ஆகாது. சர்வதேச கிரிக்கெட்டில் 2019 முதல் மூளையதிர்வுக்கு மாற்று வீரரைச் சேர்க்க அனுமதி உள்ளது. 2020 டிசம்பரில் கான்பராவில் பந்து தலைக்கவசத்தில் பட்ட ரவீந்திர ஜடேஜாவுக்குப் பதிலாக யுஸ்வேந்திர சஹல் பந்து வீசினார். அப்போட்டியில் இந்தியா வெற்றியும் பெற்றது.

தவறவிட்ட போட்டி மீண்டும் வரும். சந்தேகம் எழுந்தால் விளையாட்டை நிறுத்தி, மருத்துவரை அணுகி, அவர் அனுமதித்த பின்னர் களத்திற்குத் திரும்பவும். ஆலோசனைக்கு 104 என்ற எண்ணையும், அவசர நிலையில் 108 என்ற எண்ணையும் அழைக்கலாம்.